பந்துக்கு எத்தனை ஃப்ரேம்? – கோவில்பட்டியில் என் 2025 கோடை

இந்த வருடம் லீவுக்கு ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. இ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்து, ரூமுக்கு அழுது கொடுத்து, திரும்பி வந்து ரெண்டு நாள் அசந்து தூங்குவதில் எனக்கு இஷ்டமில்லை. வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு பார்க்கிறார். அவருக்கு மே மாதமும் ஒன்றுதான், மார்கழியும் ஒன்றுதான். லீவு என்றால் எனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே. நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பத்து மாதம் 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, யாரும் மார்க் போடாத இயற்பியலைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க எனக்குக் கிடைப்பது இந்த மே மாதம்தான்.

ஆனால் ஆரம்பித்தது ஏப்ரலிலேயே. விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. சிவப்பு மை விரலில் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஏப்ரல் 13 ஞாயிற்றுக்கிழமை, சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள். அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு நிழல் இல்லா நாள். கோவில்பட்டி ஏறக்குறைய 9.17 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் சூரியன் அன்றைக்கு நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தரம் வரும். அடுத்தது ஆகஸ்ட் கடைசியில், அதற்கு மேகம் விட்டால்தான் உண்டு. இந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் 'உச்சி' என்றவுடன் பன்னிரண்டு மணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. நாம் இருப்பதோ 77.9க்குப் பக்கத்தில். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் எங்கள் ஊர் உச்சிப்பொழுது 12.19 வாக்கில்தான் வரும்.

மாடியில் ஏற்கெனவே அத்தையின் கூழ்வத்தல் வேட்டி முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக இடம் பிடித்து, ஒரு அடி பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி, நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்தோம். மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். நிழல் விரற்கடை அளவு சுருங்கி, பிறகு நகத்தளவாகி, அப்புறம் குழாயின் காலடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. குழாயின் உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் முழு வட்டமாக வெளிச்சம். எனக்கு இதுதான் நிழல் மறைவதைவிடப் பிடித்தது: சூரியன் குழாய்க்குள் நேராக இறங்கியிருக்கிறது. நானும் பிள்ளைகளும் 'ஓ' என்று கத்தினோம். அத்தை படியில் நின்றபடியே, "எல்லாம் சரி தாயி, குதிக்கிற குதியில வத்தல மிதிச்சிராதீக" என்றார்.

மே பிறந்ததும் வீட்டில் ஹாக்கி. வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் முதலில் ஹாக்கி என்றுதான் சொல்வார்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்த மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பையன். கூடவே ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர் என்றாலும் இங்குள்ள விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்றவர். ஆகையால் அவரையும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ரயில்வே, கப்பற்படை, வங்கி என்று வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வந்து இறங்கும். சாயங்காலமானால் ஊரே கிருஷ்ணா நகர் பக்கம் நடக்கும். அவித்த கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்து, பஞ்சாப் பையன்கள் எங்கள் பக்கத்துப் பையன்களுடன் மோதுவதைப் பார்த்து, நடுவருக்கு ஆலோசனை சொல்லும் பெரியவர்களின் பின்னால் இடம் கிடைத்தால் ஆட்டத்தோடு இன்னொரு ஆட்டமும் இலவசம்.

ஆட்டம் தொடங்குமுன் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள். பந்து வேகமாக உருள வேண்டும், விழுந்தால் தோல் சிராய்க்கக் கூடாது என்பதற்காக. முதன்முதலாக அத்தையைக் கூட்டிப் போயிருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "குழாயில தண்ணி எப்ப வரும்னு குடத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம், இங்க பாயிக்குக் குளிப்பாட்டுறாக" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் டர்ஃப் போட்டார்கள். தண்ணீரே கேட்காத டர்ஃப் வந்தால் முதலில் கரிசல் சீமைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். காலையில் ஆறு மணிக்குக் கோடைப் பயிற்சி முகாம். அவனுக்கு டிராக் ஃபிளிக் பைத்தியம். ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எதிரணி தன் கோல் பக்கம் தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை மட்டையால் ஓங்கி அடித்தால் பந்து கோலுக்குள் 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பந்தை மட்டையில் ஒட்டியபடியே இழுத்துவந்து சுண்டிவிட்டால், அதுதான் டிராக் ஃபிளிக், அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. கோல்கீப்பரின் காதோரம் அனுப்பலாம். அடி என்பது நொடியில் சிறு பங்கு நேரம் மட்டையும் பந்தும் தொட்டுப் பிரிவது. இழுப்பு அப்படி இல்லை. பின்னாலிருந்து முன்னால் வரும்வரை பந்தின் மேல் விசை விடாமல் செயல்படுகிறது. விசை பெருக்கல் தூரம், அதுதான் வேலை. அந்த வேலைதான் பந்தின் இயக்க ஆற்றலாகிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் இதற்குக் கயிறு கட்டி இழுக்கும் பெட்டியின் படம்தான் போடுகிறோம். பெட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்?

"என் ஃபிளிக் நூறு கிலோமீட்டர் வேகம் இருக்கும்மா" என்று மகன் ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னான். அளந்துவிடலாம் என்றேன்.

வேகத்துப்பாக்கி எல்லாம் தேவையில்லை. வீட்டுக்காரரின் போனில் நொடிக்கு 240 ஃப்ரேம், அதாவது 240 தனிப்படம், எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. அதை ஸ்டாண்டில் வைத்து, பந்து போகும் பாதைக்குச் செங்குத்தாக, நன்றாகத் தள்ளி நிறுத்த வேண்டும். பந்து போகும் கோட்டிலேயே ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு கூம்பு. பாதையிலிருந்து தள்ளி, கேமராவுக்கு எதிர்ப்பக்கமாகக் கூம்பை வைத்துவிட்டால் இடமாறு தோற்றத்தால் (பார்க்கும் கோணத்தால் இடம் மாறித் தெரிவது) கணக்கு மாறிப்போகும். அப்படி வைத்தால் வேகம் கூடுதலாகக் காட்டும் என்பதை என் மகன் உடனே புரிந்துகொண்டு, அப்படியே வைக்கலாம் என்று யோசனையும் சொன்னான். இயற்பியல் இவ்வளவு சீக்கிரம் அவன் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான்.

வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்க டிராக்கர் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. இயற்பியல் ஆசிரியர்களுக்காகவே செய்தது. பந்தின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனால் இடம், வேகம், முடுக்கம் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டுத் தந்துவிடும். என் தம்பி தூக்கிப் போட வைத்திருந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு அதில்தான் ஓட்டினேன். நாலு ஜிபி ராம், பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் வயரோடுதான் உயிர். ஆனாலும் விண்டோஸில் முனகிக்கொண்டிருந்தது லினக்ஸில் சுறுசுறுப்பாகிவிட்டது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: நிறைய போன்கள் 240 என்று சொன்னாலும் சீரான இடைவெளியில் ஃப்ரேம் எடுப்பதில்லை. ஹேண்ட்பிரேக் மாதிரி வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு ஃப்ரேம் வேகத்தைச் சீராக்கிக்கொண்டு அளப்பது நல்லது. அளவுகோலே நீண்டு சுருங்கினால் அப்புறம் எதை அளப்பது?

இரவில் மின்வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. கண்ணுக்குச் சீராகத் தெரியும் விளக்கு, ஸ்லோமோஷனில் படபடவென்று இமை கொட்டுகிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆக விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கிறது. அதை 240 ஃப்ரேமில் பிடித்தால் டர்ஃப் முழுவதும் வெளிச்சமும் இருட்டும் அலையாக ஓடுகிறது. மாறுதிசை மின்னோட்டம் நடத்தும்போது இதைக் காட்டினால் போதும், போர்டில் சைன் வளைவு போடவே வேண்டாம். அந்தக் கிளிப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, முடிவு. காலை வெயிலில் எடுத்ததில் மகனின் பந்து இரண்டு கூம்புக்கும் இடையே கடக்க 86 ஃப்ரேம். அதாவது 0.36 நொடியில் ஐந்து மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. முகாமுக்கு வந்திருந்த ஒரு பெரிய பையன், கல்லூரியில் படிக்கிறான், ஆள் ஒல்லிதான், 60 ஃப்ரேமில் அனுப்பினான். கால் நொடி, 72 கிலோமீட்டர். நூறு வேண்டுமென்றால் 43 ஃப்ரேமுக்குள் கடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து மைதானத்தில் பையன்களுக்குள் வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்லும் பழக்கமே போய்விட்டது. "எனக்கு எழுபத்தெட்டு", "நேத்து எழுபத்தொண்ணு வந்துச்சு" என்று ஃப்ரேமில்தான் பேச்சு. ரத்த சர்க்கரை பேசுகிற பெரியவர்கள் மாதிரி இருக்கிறது.

வேகத்தைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கால்கள். பெரியவனின் வீடியோவை மெதுவாக ஓட்டினால், கடைசி அடியில் இடது கால் மிக அகலமாக, முன்னால் போய் விழுகிறது. உடம்பு தாழ்ந்து, இடுப்பு முதலில் திரும்பி, தோள் அப்புறம் திரும்பி, கை கடைசியாக வருகிறது. பந்து மட்டையில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. என் மகனுக்கு இடுப்பும் தோளும் கையும் ஒரே சமயத்தில் திரும்பிவிடுகின்றன. பந்து மட்டையில் இருக்கும் தூரமும் குறைவு. இதைக் கோச் சார் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயால் சொன்னபோது தலையாட்டியவன், இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியபோது பேசாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் மே 8 பிளஸ் டூ ரிசல்ட். ஒன்பதாம் தேதி என்று அறிவித்திருந்ததை ஒரு நாள் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். அன்று முழுக்க போன் காதிலேயே இருந்தது. அழுதவள் ஒருத்தி நல்ல மார்க்தான் எடுத்திருந்தாள்; குறைந்த மார்க் எடுத்தவன் சிரித்துக்கொண்டே "பாஸ் மிஸ்!" என்றான். அவனிடம் பேசியதுதான் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பு.

கிரிக்கெட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இந்த வருடம் அதிகம் பேசுவதில்லை. சென்னை அணி பட்டியலில் கடைசி. அதற்கு மேல் என்ன பேச? மே 16 ராத்திரி தோஹாவில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்ததை மட்டும் நானும் மகனும் உட்கார்ந்து பார்த்தோம். தொண்ணூறைத் தாண்ட அந்த மனிதர் எத்தனை வருடம் காத்திருந்தார்! கடைசி வீச்சில் ஜெர்மனியின் வெபர் 91.06 போட்டு முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஈட்டியிலும் அதே இடுப்பு, தோள், கை வரிசைதான், பாரு என்றேன். "லீவுல பாடம் எடுக்காதம்மா."

வெளியே போனது என்றால் கழுகுமலை. இருபது கிலோமீட்டர் சொச்சம். வருடா வருடம் போகிற இடம்தான், ஆனால் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. கீழே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினால் வெட்டுவான் கோயில். பாறையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து இறங்கியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. விமானமும் சிற்பங்களும் முடிந்துவிட்டன, அடிப்பகுதி வெறும் பாறையாக நிற்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இங்கேதான் இருக்கிறார். ஏன் பாதியில் விட்டார்கள் என்பதற்கு அப்பா சிற்பி, மகன் சிற்பி என்று ஒரு கதை சொல்வார்கள். என் மகளுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. "காசு தீந்து போயிருக்கும்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

நான் போவது அதற்கும் மேலே, சமணச் சிற்பங்களுக்காக. பாறை முகம் நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து வடிவம். இதைச் செய்வித்தவர் பெயர், ஊர், அவருடைய ஆசிரியர் பெயர். குரத்தியார் என்று பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியைக் குறிப்பிடும் கல்வெட்டும் இருக்கிறது. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கேயிருந்து இங்கே வரை, ரோடும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், ஒரு டீச்சரம்மா பெயர் வந்து பாறையில் ஏறியிருக்கிறது. எனக்குப் பணிமாறுதல் கவுன்சிலிங்கில் பக்கத்து ஒன்றியம் கிடைத்ததற்கே ஒரு வாரம் புலம்பினேன்.

எழுத்துகள் தேய்ந்துவிட்டன. நேர் வெளிச்சத்தில் பார்த்தால் பாறையில் ஏதோ கீறல் மாதிரித்தான் தெரியும். போன் டார்ச்சை எழுத்துக்கு நேராகக் காட்டாமல், பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மகளைப் பிடிக்கச் சொல்லி நான் குடையால் வெயிலை மறைத்தேன். வட்டெழுத்தில் எனக்கு ஏழெட்டு எழுத்து தெரியும், அவ்வளவுதான். எழுத்தில் சுண்ணாம்பு பூசி, சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குள் இருக்கும் ஹெச்.எம். வெளியே வந்துவிடுவார்.

இறங்கும்போது அடிவாரத்தில் பதநீர். பனை ஓலையைப் பட்டையாக மடித்து ஊற்றிக் கொடுத்தார் பாட்டி. நுங்கையும் விரலால் நோண்டி அதிலேயே போட்டார். மகள் மூன்றாவது பட்டை கேட்டபோது நான் எதுவும் சொல்லவில்லை.

குற்றாலக் கதை சின்னது. இந்த வருடம் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளாவில் இறங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மே மாதத்திலேயே சீசனா என்று வீட்டுக்காரரே ஆசைப்பட்டு, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வண்டியில் ஏற்றினார். மேலே மழை கொட்டி அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று சாரல் வாங்கியதோடு சரி. அத்தை எண்ணெய் தேய்த்த தலையோடு வந்திருந்தார், அதே தலையோடு திரும்பினார். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டதால் பயணத்தை வீண் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஜூன் 2 பள்ளி திறப்பு. அதற்கு முந்தின நாள் நார்வே செஸ் போட்டியில் குகேஷ் கார்ல்சனை வீழ்த்தி, கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்திய வீடியோவை மகன் பத்துத் தடவையாவது ஓட்டிக் காட்டியிருப்பான். நான் நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து மட்டை. 'லோ போ' மட்டை இருந்தால் ஃபிளிக் வேகம் கூடும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மட்டையின் வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி; அந்த வளைவு கீழ்ப்பக்கம், தலைக்குக் கிட்ட இருந்தால் அது லோ போ. பந்து இழுக்கும்போது அதில் நன்றாகப் பொருந்தி உட்காரும். விலையைக் கேட்டு அவன் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாங்குமுன் அளந்து பார்த்துவிடலாம் என்று சொல்லி, அந்த ஒல்லிப் பையனிடம் அப்படியொரு மட்டையை இரவல் வாங்கிப் பழைய மட்டையோடு ஒப்பிட்டோம். முகாம் முடிவதற்குள் என் மகன் 80 ஃப்ரேமுக்கு வந்திருந்தான். புது மட்டையில் சராசரி 79. ஒரு ஃப்ரேம் வித்தியாசம் என்பது என் அளவீட்டின் பிழைக்குள்ளேயே வருகிறது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதியே காட்டினேன்.

"பிழைன்னா கூடவும் இருக்கலாம்லம்மா?" என்றான்.

மட்டை ஜலந்தரிலிருந்து வருகிறது. இந்த வாரக் கடைசிக்குள் பார்சல் வந்துவிடும் என்று மெசேஜ் வந்திருக்கிறது.